ரூபினாவுக்கு மூச்சு வாங்குகிறது

நாள் 203, காலை 7.10
செவ்வாய்க் கோள், வடமுனைப் பனிக் கூடம். பதிபவர்: ரூபினா பர்னாந்து, பனியியலாளர். தனி ஆள்.
துளைக்கருவி சீராக இறங்குகிறது. இன்று எடுத்த பனித்தண்டில் கறுப்பாக ஓர் அடுக்கு. எரிமலைச் சாம்பலாக இருக்கலாம். காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி நிறைவு.
காலை மாத்திரை போட்டாயிற்று. பிறகு யாராவது இதைப் படித்தால் தெரிந்திருக்கட்டும்: இருபத்தோரு வயதிலிருந்து எனக்கு மனச்சிதைவு நோய். இல்லாத குரல்கள் கேட்கும். மாத்திரைக்கு அடங்கிப் பல வருடமாயிற்று. அதைச் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன்.
மாதிரிப் பெட்டியைத் தூக்கியபோது மூச்சு வாங்கியது. பூமியின் எடையில் பாதிகூட இங்கே கிடையாது. உடற்பயிற்சி போதவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

நாள் 209, காலை 6.40
பூட்ஸ் ஏறவில்லை. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறேன். துளைக்கூடத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று போக வேண்டியிருந்தது.
பூமியிலுள்ள மருத்துவப் பிரிவுக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். இன்னொன்றையும் மறைக்கவில்லை. நேற்று பழைய குரல் ஒன்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. தூக்கம் கெட்டால் அது வரும். எனக்குப் பழக்கம்தான்.

நாள் 210, காலை 9.00
டாக்டர் வைதேகியின் பதில்:
"ரூபினா, மறைக்காம சொன்னீங்க பாருங்க, ரொம்ப நல்ல விஷயம். நெஞ்சுல பாரம், மூச்சு முட்டறது, இதெல்லாம் பதற்றத்துல வரக்கூடியதுதான். குரல் வேற திரும்ப வந்திருக்கு இல்லையா? டோஸைக் கொஞ்சம் ஏத்தறேன். நல்லா ரெஸ்ட் எடுங்க."
கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காலைப் படம் எடுத்து மறுபடி அனுப்பினேன்.
மருந்துப் பெட்டியின் பூட்டு பூமியின் கையில். இன்று ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு விழுந்தன. ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டேன்.

நாள் 212, மாலை 4.15
உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கொர்னேலி நினைவாகவே இருக்கிறது.
தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவள் எனக்குப் பக்கத்துக் கட்டில். நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிறார்கள் என்பாள். "யாரு நிக்கா, சொல்லு பாப்போம்" என்று நர்ஸ் கேட்பார். கேட்டுக் கேட்டு, ஒருநாள் "சம்மனசு" என்றாள், தேவதூதனைத்தான் அப்படிச் சொல்வோம். எழுதிக்கொண்டார்கள். ஊசியைக் கூட்டினார்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். முப்பத்தாறு வயது. இதயம் பெருத்துத் தளர்ந்திருந்தது என்று அப்புறம் சொன்னார்கள்.
இந்த நோயுள்ள எங்கள் ஆட்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாக இதயத்தால் சாகிறார்கள். சிகரெட், உடம்பு பெருப்பது, சிலருக்கு மாத்திரையே காரணம். அதெல்லாம் சரி. ஆனால் கொர்னேலி சொன்னாள். வாய்விட்டுத்தான் சொன்னாள்.

நாள் 213, காலை 10.30
ஸ்கேன் கருவியை நானே நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். பனிக்கடியில் என்ன இருக்கிறதென்று ரேடார் படத்தில் பார்த்துப் பழகிய கண் எனக்கு. இதயத்தின் இடப்பக்கச் சுவர் அசையவே யோசிக்கிறது. நுரையீரலின் அடியில் தண்ணீர்.
படத்தை இதய மருத்துவருக்கு என்று குறிப்பிட்டு அனுப்பினேன்.
தானியங்கிப் பதில்: "உங்கள் செய்தி மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டது."
மறுபடி அனுப்பினேன். அதே பதில். திட்ட இயக்குநருக்கு அனுப்பினேன். அதே பதில்.

நாள் 214, காலை 11.00
தெற்குக் கூடத்திலிருந்து வானிலை கேட்டு முகைதீன் ரேடியோவில் வந்தார். காயல்பட்டினத்துப் பையன், துளைப் பொறியாளர். அக்கா என்பதை அவர் ஊர் வழக்கில் லாத்தா என்பார். பேச்சை அப்படியே பதிகிறேன்.
"என்ன லாத்தா, ஓடிட்டு வந்தீங்களா?"
"இல்ல தம்பி. உக்காந்துதான் இருக்கேன்."
"ஒரு வரி பேசுறதுக்குள்ள மூணு இடத்துல நிக்கிறீங்களே. எங்க வாப்பா கடைசியில இப்படித்தான் பேசுனாங்க. அவங்களுக்கு ஹார்ட்டு."
"டாக்டர் மனசுதான் சரியில்லங்காங்க. குரலும் கேக்கத்தான் செய்யுது."
"குரல் கேட்டா ஹார்ட்டு கெடாதா? நான் கெளம்புறேன்."
வண்டியில் மூன்று நாள் வழி. புழுதிப் புயல் வேறு. கட்டுப்பாட்டு அறை அவரைப் போக வேண்டாம் என்றது. அவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.
ஐந்து நாளாகப் பேசின பேச்சில் இதுதான் என் காதில் விழுந்த முதல் பதில். அழுதேன். அழுதால் இருமல் வருகிறது, இருமினால் இளஞ்சிவப்பாக நுரை.

நாள் 215, இரவு 8.20
நீர் இறக்கும் ஊசி மருந்து பூட்டிய பெட்டிக்குள். திறக்கச் சொல்லி நான்கு முறை கேட்டேன். பனித்தண்டு அறுக்கும் ரம்பத்தை எடுத்துப் பூட்டை அறுத்தேன். அறுக்க ஒரு மணி நேரம். நடுநடுவே தரையில் உட்கார்ந்தேன்.
தொடையில் ஊசி போட்டேன். மத்தியானத்துக்குள் நிறைய மூத்திரம். ஒரு முழு மூச்சு கிடைத்தது. ஒரே ஒரு முழு மூச்சு. என்ன சுகம்.
மாலையில் டாக்டர் வைதேகி: "ரூபினா, பூட்டை உடைச்சது கேமராவில தெரிஞ்சுது. பயப்படாதீங்க. அந்த ரம்பத்தைக் கீழ வெச்சிடுங்க. உங்களுக்கு யாரும் கெடுதல் பண்ணலம்மா."
ரம்பத்தை அப்போதே கழுவி வைத்துவிட்டேன், டாக்டர். படத்தைப் பாருங்கள்.

நாள் 216
ஊசி தீர்ந்தது. மறுபடி ஏறுகிறது. விரல் நகம் நீலம். துளைக்கருவியை நிறுத்தினேன். தண்டுகளுக்கு வரிசை எண் போட்டிருக்கிறேன், யாரும் குழப்ப வேண்டாம்.
கதவு தட்டும் சத்தம். கதவுக் கேமராவின் திரையைப் பார்த்தேன். வெளியே யாருமில்லை. திறக்கவில்லை. என் குரல்களை எனக்குத் தெரியும். இது அவை. மூச்சு முட்டுவது அவை இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் இங்கே நான்தான், என்னைத்தான் யாரும் கேட்கவி
எழுத உட்கார முடிய
கொர்னேலி வரவில்லை. வந்தால் நன்றாக இருந்திரு
தம்பி வந்தால் சூடாக எதாவது

நாள் 218, மாலை 5.30
எழுதுவது ஜமால் முகைதீன்.
நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தேன். லாத்தா நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிர் இருந்தது. ஆக்ஸிஜன் வைத்தேன். என் கையைத் தொட்டுப் பார்த்தார். "நெசமாவே நீதானா தம்பி?" என்றார். "நான்தான் லாத்தா" என்றேன். தோள்வரை தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வண்டிக்குத் தூக்கிப்போக ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது இறந்துவிட்டார்.
பூமிக்குச் சொன்னேன். டாக்டர் வைதேகியின் பதில் வந்தது. அழுதிருக்கிறார், குரலில் தெரிந்தது.
"முகைதீன், கடைசி நேரத்துல அவங்களுக்குக் குரல் ஏதாவது கேட்டுதா? சொன்னாங்களா? இறப்புக் காரணத்துல போடணும்."
நான் அனுப்பியது: "மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க, டாக்டர். மொத நாள்லேந்து அதத்தான் சொன்னாங்க. ஸ்கேன் படம் உங்ககிட்டதான் கெடக்கு. இப்பவாவது தொறந்து பாருங்க."
செய்தி போய்ப் பதில் வர அரை மணி நேரம் பிடிக்கும். இப்போதுதான் வந்தது. டாக்டரில்லை, தானியங்கி.
"உங்கள் செய்தி மனநலப் பிரிவில் சேர்க்கப்பட்டது."