காத்திருங்கள் என்று சொன்ன குரல்

அதிராம்பட்டினம்

அன்பு மகள் நிலோஃபருக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக்கும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, பட்டுக்கோட்டை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, உப்பளத்துப் பக்கம் எல்லாம் தண்ணீர் நிற்கிறது, மீன் வரத்து குறைவு, கொடுவாயைக் கண்ணால் பார்த்து ரொம்ப நாளாகிறது. நீ போனில் பேசும்போதெல்லாம் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாய், உம்மா பக்கத்திலேயே இருப்பதால் முடிந்துவிட்டது என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமரப் படி.

நீ அப்போது ஊரில் இல்லை என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உன் காக்கா, நம் மூத்த பிள்ளை ஃபாஜில் எழுதிய அந்த மென்பொருள், தமிழ் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் புரோகிராம், அது அவன் கூட்டாளி யூனுஸுக்காகத் தொடங்கியது என்பது உனக்குத் தெரியும். கண் தெரியாத யூனுஸ் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்த வேண்டும், அவனுக்கு அன்றைய தமிழ்ப் பத்திரிகையைப் படித்துச் சொல்ல ஒரு நல்ல குரல் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபாஜில் மாடி அறையில் சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு தன் குரலிலேயே ஆயிரக்கணக்கான வாக்கியங்களைப் பதிவு செய்தான். பிறகு அதை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டான். துபாயில் பேங்க் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதியே தலை நரைத்தவன் நான், அங்கே நாங்கள் எழுதிய ஒரு வரியைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் அவனோடு வாதாடினேன், கம்பெனிக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவானே என்றேன். "எடுத்துட்டுப் போகட்டும் வாப்பா, விக்கக்கூட செய்யட்டும். ஆனா யார் செஞ்சதுன்னு சொல்லணும், அவன் செஞ்ச மாத்தத்தையும் இதே மாதிரி எல்லாருக்கும் தரணும். லைசென்ஸ்ல அவ்வளவுதான் கேட்டிருக்கேன்" என்றான். இலவசம் வேறு, திறந்து வைப்பது வேறு என்று அவன் எனக்குப் பிரித்துச் சொன்னது அப்போதுதான். அதன் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த லாரி வந்ததும், அவனைக் கபரில் வைத்ததும் எழுத வேண்டியதில்லை.

அவன் மவுத்தான பிறகு நான் அந்தப் புரோகிராமைத் திறந்தே பார்க்கவில்லை. போன வருஷம் தேங்காய் வெட்டு விஷயமாகப் பேராவூரணி போயிருந்தேன். மண்டியில் துரைராசு என்று ஒரு தோப்புக்காரர், புயலில் மரம் போனதற்கு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போனுக்குள் இருந்து ஃபாஜில் பேசினான். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருங்கள் என்றான். வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன் மூச்சை லேசாக இழுப்பானே, அந்த மூச்சு கூட இருந்தது. துரைராசு போனைப் பார்த்து, "இந்தப் பாவி குரல கேட்டாலே பத்திக்கிட்டு வருதுங்க. மாசக் கணக்கா இவன்தான் பேசுறான், இவன்தான் காத்திருக்கச் சொல்றான், கடைசில இவனே கிளெய்ம் கிடையாதுங்கிறான். இவன்லாம் நல்லா இருப்பானா?" என்றார். நான் அவரிடம் என்ன சொல்வது நிலோஃபர்? நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து அந்தக் குரல் என்னை விடவில்லை. அது அந்த இன்சூரன்ஸ் கம்பெனியோடு நிற்கவில்லை. அவர்களுக்குப் போன் சேவை செய்து தரும் வேறொரு கம்பெனி ஊரில் பாதிப் பேருக்கு அதே குரலை விற்றிருக்கிறது. கூரியர்காரன் பேசுகிறான், ஃபாஜில். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறது, ஃபாஜில். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருக்க பஸ் நிற்கும்போது முன் சீட்டு அம்மாவின் போனில் மனை விற்கிறான், ஃபாஜில். நம் பிள்ளை வாழ்நாளில் சொல்லியிராத வார்த்தைகளை எல்லாம் அவன் வாயால் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் நடமாடினேன். உம்மாவிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். என் போனில் இருந்த நம்பரை எப்படியோ பார்த்துவிட்டு அவளே போட்டிருக்கிறாள், ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் காத்திருங்கள் என்கிறான், அவள் சரிப்பா என்கிறாள். அதன் பிறகு தினம் சமையல் நேரத்தில் அந்த நம்பர்தான். நான் தடுக்கவில்லை, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

யூனுஸ்தான் வழக்கறிஞர் லின்சியிடம் கூட்டிக்கொண்டு போனான். தஞ்சாவூர்ப் பெண், அவளுக்கு உன் வயதுதான் இருக்கும், மென்பொருள் உரிமை வழக்குகளையே எடுத்து நடத்துகிறவள். ஃபாஜில் கல்யாணம் ஆகாமல் போனவன் என்பதால் அவன் எழுத்துக்கும் குரலுக்கும் வாரிசு நானும் உம்மாவும்தான், நாங்கள் கையெழுத்துப் போட்டால்தான் வழக்கு என்றாள். கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் பதில் என்ன தெரியுமா? இது நாங்கள் ஒரு கலைஞரைக் கூலிக்கு அமர்த்திப் பதிவு செய்த குரல், உங்கள் மகனுடையது அல்ல என்று எழுதினார்கள். அதையும் நம்பாவிட்டால் இணையத்தில் திறந்து கிடந்ததை யார் எடுத்தால் என்ன என்று அடுத்த பத்தியிலேயே கேட்டிருந்தார்கள். நான் தினமும் காலையில் தொழில்நுட்பச் செய்திகள் படிக்கிறவன். ஊர் உலகத்தார் எழுதிய புத்தகம், படம், புரோகிராம் கோடு எல்லாவற்றையும் மெஷினுக்குத் தீனியாகப் போட்டுவிட்டு, எல்லாம் பொதுவில்தானே கிடந்தது என்று பெரிய கம்பெனிகள் கோர்ட்டில் நிற்கும் காலம் இது. அதே கம்பெனிகள் தங்கள் கோடில் ஒரு துண்டு வெளியே கசிந்தால் மறுநாளே தடை உத்தரவு கேட்டு ஓடுகின்றன. அவர்கள் பூட்டினால் அது சொத்து, நம்மவன் திறந்து வைத்தால் அது குப்பை. இதை நான் சொன்னபோது நீ அப்படியொரு கம்பெனியில் வேலை பார்ப்பதால் சங்கடப்பட்டாய், நான் உன்னைச் சொல்லவில்லை மகளே.

அது ஃபாஜிலின் குரல்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு வழி யூனுஸ் சொன்னான், தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "மாமா, காத்திருங்கள்னு முடியுற இடத்துல ரொம்ப லேசா ஒரு சத்தம் இருக்கும். உம்மா கீழேருந்து ஃபாஜில்னு கூப்பிடுறது. எனக்கு முதல் நாள்லேருந்து கேக்குது. திரும்ப ரெக்கார்ட் பண்றேன்டான்னு சொன்னான், அதுக்குள்ள..." என்றான். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஃபாஜிலின் புரோகிராமில் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை, ஒலியைக் கூட்டினேன். குக்கர் விசில் அடங்குகிற சத்தத்துக்குள் உன் உம்மா கூப்பிடுகிறாள். பிறகு கம்பெனியின் நம்பரைப் போட்டுப் பதிவு செய்து கேட்டேன், அங்கேயும் அதே விசில், அதே கூப்பாடு. துரைராசு போன்றவர்கள் மாசக் கணக்கில் காதில் வைத்துக்கொண்டிருந்த அத்தனை போனிலும் அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒருவருக்கும் கேட்கவில்லை.

சென்னையில் விசாரணை அன்று உம்மாவும் வந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஊரில் எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பர்தாவின் முனையைக் கையில் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல், எந்த வீட்டிலும் ஒரு அம்மா ஒரு பெயரைக் கூப்பிடத்தான் செய்வார் என்றார். லின்சி, ஃபாஜில் முதன்முதலில் இணையத்தில் ஏற்றிய மூலப் பதிவை வெட்டாமல் முழுதாக, ஒலியைக் கூட்டி ஹாலில் போட அனுமதி கேட்டாள். போட்டார்கள். தயவுசெய்து காத்திருங்கள் என்றான். உம்மா கூப்பிட்டாள். புரோகிராமிலும் கம்பெனிக்காரனிடமும் பதிவு அங்கே முடிந்துவிடும், மூலப் பதிவு அங்கே நிற்கவில்லை. "இந்தா வந்துட்டேன் உம்மா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தான், படியில் அவன் இறங்குகிற சத்தம் கொஞ்ச தூரம் வரைக்கும் இருந்தது. நீதிபதி அம்மா இடைவேளை விட்டார். நான் உம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர்கள் மறுக்கவில்லை. சமாதானத்துக்கு வந்தார்கள். பெரிய தொகை தருகிறோம், எங்களுக்கு மட்டும் தனி அனுமதி கொடுங்கள், பெயரும் போட மாட்டோம், எங்கள் மாற்றங்களையும் வெளியிட மாட்டோம் என்றார்கள். அப்போதுதான் நீ போனில், "வாங்கிட்டு முடிச்சிடுங்க வாப்பா, காக்காவ விட்டுடுங்க" என்று அழுதாய். நீ சொன்னதில் தப்பில்லை. நானும் களைத்துத்தான் போயிருந்தேன். உம்மாதான், "அவன் எல்லாருக்கும்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். இவங்களுக்கு மட்டும்னு மாத்த நாம யாருங்க?" என்றாள். லைசென்ஸ்படி பெயரையும் மாற்றங்களையும் வெளியிடு, இல்லாவிட்டால் பயன்படுத்தாதே என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்தோம். அவர்கள் வெளியிடவில்லை. குரலை எடுத்துவிட்டார்கள்.

இந்த ஜெயத்தைப் பற்றித்தான் போனில் என்னால் பேச முடியவில்லை. ஒரு நாள் சமையல் நேரத்தில் உம்மா நம்பரைப் போட்டாள், ஒரு பெண் குரல் வந்தது, தயவுசெய்து காத்திருங்கள் என்றது. உம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அவன எங்கங்க அனுப்பிட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள். வழக்கு அவளுக்கு நன்றாகப் புரியும், அவளும்தான் கையெழுத்துப் போட்டாள், இருந்தும் கேட்டாள். அவன் குரல் நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நாம் எழுதுவதைப் படிப்பான் என்று கூட்டிக்கொண்டு போய் உம்மா என்று தட்டச்சு செய்து காட்டினேன். அது இரண்டு துண்டை ஒட்டவைத்து, செய்தி வாசிப்பதுபோல் உம்மா என்றது. அவள் எழுந்துவிட்டாள். "இது அவன் இல்லீங்க. நீங்க எழுதுறது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த அறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டேன்.

ஆனால் போகாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் தீர்ப்புச் செய்தி வெளியானதும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் அந்தப் புரோகிராமைத் திருத்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் மட்டக்களப்பிலிருந்து பரிதி என்று ஒரு பெண், கெட்டிக்காரி, புரோகிராமில் இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்துகொண்டு வருகிறாள். அந்தக் கூப்பாடு யாருடையது என்பது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. போன வாரம் அவள் அனுப்பிய திருத்தத்தில் எழுதியிருந்தாள், காத்திருங்கள் என்ற வாக்கியத்தின் முடிவில் பின்னணியில் ஒரு பெண்ணின் குரல் கேட்கிறது, ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இடைஞ்சல், நீக்கியிருக்கிறேன், சரிபார்த்து ஏற்றுக்கொள்ளவும் என்று. புரோகிராமராக எனக்கு இதில் யோசிக்க எதுவுமில்லை. அது பிழை, பிழையைத் திருத்த வேண்டும். யூனுஸைக் கேட்டேன், எடுத்தால் நல்லதுதான் மாமா, ஆனால் நான் சொல்ல மாட்டேன் என்றான். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அழுத்தவில்லை.

கடைசியில் உம்மாவிடம் கேட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அன்றைக்குக் கோர்ட்டில் கேட்டதைத்தான் சொன்னாள். "நான் கூப்பிட்டேன், அவன் இந்தா வந்துட்டேன்னான், இறங்கி வந்து உக்காந்து சாப்பிட்டான். எனக்கு அது போதும். இந்த மெஷின்ல அவன் இறங்கி வர்ற சத்தம் இல்ல, நான் மட்டும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எடுத்துடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். இத்தனை மாதத்தில் அவள் அன்றைக்குத்தான் பசிக்கிறது என்று தானாகச் சொல்லிச் சாப்பிட்டாள். முழுப் பதிவைத் தனியாக எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், படி இறங்குகிற சத்தத்தோடு. புரோகிராமுக்கு அது தேவையில்லை, நம் மூன்று பேருக்குத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம் சொல். ரஹ்மானான அல்லாஹ் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கூப்பிட்டால் ஒருவர் கேட்கும் தூரத்தில் வைத்திருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. பரிதியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும் அதிகாரம் ஃபாஜில் உன் கணக்குக்கும் கொடுத்துத்தான் வைத்திருக்கிறான், நீதான் ஒரு நாளும் அதற்குள் போனதில்லை. உம்மா சொல்லிவிட்டாள், யூனுஸும் மற்றவர்களும் காத்திருக்கிறார்கள், எனக்குக் கை வரவில்லை. நீ போய் அழுத்திவிடு மகளே.

துஆவுடன்
உன் வாப்பா
ஹபீப் முகம்மது