அப்பா அடைத்த ஓட்டை

ஐயப்பன்தாங்கல்
கார்த்திகை 24, புதன்கிழமை

அன்பு மகள் பவ்யாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், காரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ரோஷினிக் குட்டியும் அந்தக் கிளாஸ்கோ மழையில் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். காரின் நலத்தை எதற்குச் சொல்கிறாள் என்று யோசிப்பாய், இந்தக் கடிதமே அதற்காகத்தான். போன வாரம் அங்கே இருக்கும் உன் காரின் முன்விளக்குக்குள் ஈரம் கட்டிப் பனி மூடிய மாதிரி இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பி, இதுக்கு என்னப்பா பண்றது என்று கேட்டிருந்தாயே, அதைப் பார்த்த அப்பா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார். மாவு முந்தின நாளே அரைத்தாயிற்று. ஒரு கேள்வி கேட்டால் நாலு பதில் சொல்கிற மனுஷன் இரண்டு நாளாக வாய் திறக்கவில்லையே, உடம்புக்கு ஏதாவதா என்று நீ பயந்துபோய் என்னிடம் கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கம்தான். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே பேசியே கதையைக் கெடுத்துவிடுவார். நல்லவேளையாக மூன்றாம் மாடி கிருஷ்ணப்பிரியா லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறாள், பருப்புப் பொடி டப்பாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து படி.

நீ முதல் வேலையில் இருந்தபோது வாங்கி, வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுப் போன அந்தக் காருக்கு இந்த மாதத்தோடு பதினைந்து வயது முடிகிறது. இனி அது ரோட்டில் ஓட வேண்டுமென்றால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி மறுபதிவு வாங்க வேண்டும். அப்பாவுக்கோ அதை விற்றுத் தலைமுழுக வேண்டும் என்று ஆறு மாதமாக நமைச்சல். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது வெளியே சொல்கிற காரணம். நான் ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கியதுதான் உண்மைக் காரணம். நான் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார், அந்தப் பக்கத்து மிதியடி தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஆனால் அந்தக் கார் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியாதா? ரேகா சித்தி இருப்பது இதோ இருக்கிற கோவில்பதாகையில், ஆனாலும் இத்தனை வருஷமாக அவளை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்ததே அதிகம். ஒன்று அப்பாவுக்கு மனசு வர வேண்டும், இல்லாவிட்டால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து புதன்கிழமை தவறாமல் போகிறேன். அவளும் முட்டிவலியை மறந்து தலைசீவித் தயாராக வாசலில் நிற்பாள். இருவரும் ஆவடி மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, காரிலேயே உட்கார்ந்து சூடாக போண்டா தின்றுகொண்டு, பள்ளிக்கூடத்து நாளில் யார் யாருடைய தாவணியைக் கிழித்தது என்ற வழக்கை மறுபடி எடுத்துச் சண்டை போடுவோம். அந்தப் புதன்கிழமைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா தீர்ப்பே சொல்லிவிட்டார். மறுபதிவில் பாஸானால் வண்டி உன்னுடையது, நான் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டேன், பாஸாகாவிட்டால் அன்றைக்கே பழைய வண்டிக்காரனைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடுவோம் என்றார். நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன்.

கார்த்திகை பிறந்ததும் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் பார்த்தால் இடதுபக்க முன்விளக்குக்குள் இலேசாக ஈரம் படிந்திருந்தது. வண்டியை விற்கத் துடிக்கிறவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆனால் உன் அப்பா யார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் பம்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தவர். குமிழி வராத பம்பின் மேல் மஞ்சள் சாக்பீஸால் ஒரு டிக் அடிப்பார், அந்த டிக் விழாமல் எந்தப் பம்பும் கேட்டைத் தாண்டாது. உன் கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளிக் குடத்தையே வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்த ஆள், தன் வீட்டுக் காரிலேயே தண்ணீர் புகுந்தால் விடுவாரா? ஒட்டுப்பசை ட்யூப் வாங்கி வந்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கைச் சுற்றிக் கண்ணில் பட்ட இடுக்கு, இணைப்பு, துவாரம் ஒன்று விடாமல் அடைத்தார். எறும்பு கூட நுழைய முடியாது பார் என்று மீசையை முறுக்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெறும் ஈரமாக இருந்தது முத்து முத்தாகத் தண்ணீராகி அடியில் தேங்கி நிற்கிறது! இன்னொரு ட்யூப் வாங்கி அடைத்தார். தண்ணீர் இன்னும் கூடிற்று. நானும் சும்மா இருக்கவில்லை, தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் வைப்போமே என்று ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து விளக்குப் பக்கத்தில் கட்டி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, இன்னா, பொங்கல் வைக்கப் போறியா என்று கேட்டார். இன்ஸ்பெக்டரிடம் காட்ட இன்னும் ஆறே நாள்தான். இரவில் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கு கஞ்சித் தண்ணீர் நிறத்தில் எரிகிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தியிடம் என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் பேசிப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் காலையில் இட்லியைச் சுடச்சுட ஹாட்பாக்ஸில் எடுத்து வைத்தேன், துணி விரிக்க மறந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் மூடி முழுக்க வியர்த்து, சொட்டுச் சொட்டாக இட்லி மேல் விழுந்து எல்லாம் சொதசொதவென்று ஆகிவிட்டது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏங்க, உங்க லைட்டும் இப்படித்தானே, சூட்டையும் ஈரத்தையும் உள்ளே வெச்சு மூடிட்டீங்க, அது எங்கே போகும் என்று கேட்டேன். கார் லைட்டும் இட்லியும் ஒண்ணா என்று சிரித்தார். நான் பேச்சை வளர்க்கவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு குமணன்சாவடியில் ஜமீர் மெக்கானிக்கிடம் நானே ஓட்டிப் போனேன். அப்பாவும் வந்தார், வழி முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே. ஜமீர் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்தவன் நிமிரவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. இன்னா அண்ணாத்தே, மூக்கு வாய் எல்லாத்தையும் அடைச்சு வுட்டுக்கீறே, லைட்டு எப்டி மூச்சு வுடும் என்றான். எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியே போக வேண்டுமாம், அணைத்தால் ஆறி மறுபடி உள்ளே வர வேண்டுமாம், அதற்காகவே பின்னால் சின்னதாக ஒரு ரப்பர் குழாய் வைத்திருக்கிறார்கள். அதையும் உன் அப்பா பசையால் அடைத்திருந்தார். செஞ்சவன் தெரியாமயா ஓட்டை வெச்சிகீறான் என்று ஜமீர் கேட்டான். நான் இட்லிக் கதையைச் சொன்னேன், அதேதாம்மா, கரீட்டா சொல்லிக்கீறீங்க என்றான். அப்பா அவன் கடைக் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கை மொத்தமாகக் கழற்றி, பசையை பிளேடால் சுரண்டி எடுக்கவே அரை நாள் ஆயிற்று. கவிழ்த்தபோது அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. முதலில் ஈரம் எப்படி வந்தது என்று பார்த்தால், பின்மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் பழசாகித் தட்டையாகி விறைத்துப் போயிருக்கிறது, அந்த வழியாகத்தான் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதை மட்டும் மாற்றியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பின்மூடியைத் திறந்து, தூசி போகாமல் வேட்டித் துணி கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வெயில் காய வைத்தோம். நீ விட்டுப் போன முடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில் காட்டினேன், கிட்டே பிடித்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். செருப்பு டப்பாவிலும் ஹேண்ட்பேக்கிலும் வருகிற உப்புப் பொட்டலம் மாதிரியான ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நான் சேர்த்து வைத்தால், அம்மா குப்பை சேர்க்கிறாள் என்று கேலி செய்வாயே, அத்தனையும் விளக்கோடு ஒரு டப்பாவில் போட்டு மூடி ஒரு நாள் வைத்தேன். மாட்டும் முன் எண்ணிப் பார்த்து வெளியே எடுத்துவிட்டேன், உள்ளே கிடந்தால் பல்பு சூட்டுக்கு ஆபத்து. விளக்கு பளிங்கு மாதிரி ஆயிற்று. புது வளையம் போட்டு மாட்ட ஜமீரிடம் கொண்டுபோனபோது அப்பா மெதுவாக, இதை வாளித் தண்ணீரில் ஒரே ஒரு தடவை அமுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஜமீர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். இந்தச் செய்முறையெல்லாம் உனக்கும்தான். உன் போட்டோவில் இருப்பது வெறும் ஈரம், விளக்கைப் போட்டு அரை மணியில் மறைந்துவிட்டால் கவலையே வேண்டாம். மறையாமல் சொட்டாக நின்றால் பின்மூடி சரியாக மூடியிருக்கிறதா, ரப்பர் வளையம் விறைத்திருக்கிறதா, முன்னால் கீறல் ஏதாவது உண்டா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். பல்பை வெறும் விரலால் தொட வேண்டாம், துணியால் பிடிக்கட்டும். வண்டி கழுவும்போது விளக்கின் ஓரத்தில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது.

இன்ஸ்பெக்டரிடம் போகும் நாள் வந்தது. நான் குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன், அப்பாவிடம் சொல்லவில்லை. முந்தின நாள் முழுக்கக் கொட்டிய மழையில் வண்டி நனைந்தே நின்றது, ஆனால் விளக்குக்குள் ஒரு பொட்டு ஈரமில்லை. அங்கே இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பர், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்துவிட்டு விளக்கைப் போடச் சொன்னார். டிம், பிரைட், மறுபடி டிம். குனிந்து இடது விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அந்த ஒரு ரூபாயை மனசுக்குள் பதினொன்றாக்கினேன். பிறகு, வண்டியை ஓட்டுவது யார், அவர் எடுத்து ஓட்டிப் பிரேக் போட்டுக் காட்டட்டும் என்றார். நம் வீட்டில் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அப்பாதான் முன்னால் நிற்பார், அன்றைக்கும் அவரே ஓட்டிக் காட்டுவதாகத்தான் பேச்சு. அவர் என்னைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், இவங்கதான் சார் ஓட்டுவாங்க என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். ஓட்டினேன், பிரேக் போட்டேன், கோட்டில் நிறுத்தினேன். பாஸ்! இன்னும் ஐந்து வருஷம் ஓடலாம். திரும்பும்போது பூந்தமல்லி ரோட்டில் பகலே இருட்டுகிற மாதிரி மழை, இரண்டு விளக்கையும் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அப்பா குடையைக்கூட விரிக்காமல் இறங்கி ஓடிப்போய், நனைந்தபடியே விளக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒழுகல இல்ல, மங்களம் என்றார்.

இன்று காலை சித்தியைப் பார்க்கக் கிளம்பினேன். கீழே போனால், இந்த மனுஷன் முப்பத்தோரு வருஷப் பழக்கத்தை விடாமல் வண்டியில் மஞ்சள் சாக்பீஸால் டிக் அடித்து வைத்திருக்கிறார். விளக்கு மேலே இருக்கும் என்று பார்த்தேன், அங்கே இல்லை. டிரைவர் பக்கத்துக் கதவில், நான் கை வைத்துத் திறக்கிற இடத்தில் இருந்தது. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் என் சமையலுக்கோ சேலைக்கோ அவரிடமிருந்து விழாத டிக், பவ்யா. புடவைத் தலைப்பு பட்டு அழிந்துவிடக் கூடாதே என்று எட்ட நின்று கதவைத் திறந்து ஏறினேன். கோவில்பதாகைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாக சித்தியை இறங்கி வரச் சொல்லி அதைத்தான் காட்டினேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசு நிறைந்து நூறாண்டு வாழ வேண்டும். ரோஷினிக்குப் பாட்டியின் முத்தம் இரண்டு. பொடி டப்பாவை ஈரக் கரண்டியால் தொடாதே. அப்பாவிடம் இந்தக் கதை தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் விளக்கைப் பற்றி இன்னொரு தடவை கேள், இப்போது பதில் சொல்வார். ஓட்டையை மட்டும் அடைத்துவிடாதே என்று முதலில் அதைத்தான் சொல்வார், பார்.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
ந. மங்களம்
(டிரைவர்)