மூன்றாவது ஒலிநூல்

மார்ச் 3, திங்கள்

கரப்பந்தாட்டப் புத்தகம் முடிந்தது. வெளிச் சத்தம் பதிவில் விழாமல் படுக்கையறை யன்னலில் போர்வை தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வாசித்ததில் சட்டை வியர்வையில் தெப்பம். பரவாயில்லை. இத்தனை வருடம் மைதானங்களில் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்தவனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஒலிநூல் வெளியிடும் மதுரா மூன்று புத்தகங்கள் தந்திருக்கிறாள். அடுத்தது பழைய துறைமுகங்களின் வரலாறு. கடைசியாக, அன்றாட வாழ்க்கைக்கான தத்துவமாம்.

மார்ச் 9

வரலாறும் முடிந்தது. கப்பல்கள் வந்தன, போயின. மதுராவுக்குத் திருப்தி.

மார்ச் 12, புதன்

தத்துவத்தில் முதல் அத்தியாயத்தை அனுப்பினேன். மதுரா தொலைபேசியில் இழுத்தாள்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மரண அறிவித்தல் மாதிரி இருக்கு."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, உரும்பிராயிலிருந்து மருதனார்மடம் வரை ஊராரின் சாவைச் சொல்லிக்கொண்டு போன குரல்தானே இது. 'தேநீர் குடிக்கும்போது தேநீரை மட்டும் குடியுங்கள்' என்று வாசித்தால், தேநீர் காலமாகிவிட்டதுபோலத்தான் இருக்கிறது.

"பக்கத்திலை இருக்கிற ஒரு ஆளுக்குச் சொல்லுற மாதிரி வாசியுங்கோ. வாற புதன்வரைக்கும் பாப்பம். சரிவராட்டி வேறை ஆளைத்தான் பாக்கவேணும்."

வேறு ஆள்! இந்தக் கேதீஸ்வரன் இருக்க வேறு ஆள்!

மார்ச் 13

ஒரு ஆளுக்கு என்றால் யாருக்கு? பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் என் மனைவி சிவகௌரி மட்டும். புத்தகத்தோடு சமையலறைக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கௌரி, இதை ஒருக்கா கேளும்" என்றேன்.

"எனக்குக் காது கேக்கும். கத்தாதேங்கோ."

நான் கத்தினேனா?

மார்ச் 15

சற்றுத் தேறியிருக்கிறேன். ஆனால் கௌரி கேட்கிறாளா என்பதுதான் தெரியவில்லை. கவனம் எங்கேயோ இருக்கிறது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். கேட்டால், "ஒண்டுமில்லை."

மார்ச் 16, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

பயம் பற்றிய அத்தியாயம். கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, குரலை நன்றாக இறக்கி வாசித்தேன். தனியே சுமக்கிற பயம் பற்றி ஏதோ வந்தது. அரைப் பக்கம்கூட ஆகவில்லை, கீரை அரிந்துகொண்டிருந்த கௌரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ... என்ரை நெஞ்சிலை ஒரு கட்டி இருக்கு."

எப்போதிருந்து? தைப்பொங்கலுக்கு முதலே. பொங்கலுக்கு முதலே! நானும் இந்த வீட்டில்தானே சாப்பிட்டுப் படுத்து எழும்புகிறேன்?

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. நீங்கள் மெல்லமாக் கேட்டாலே வேலிக்கு அங்காலை கமலாவதியக்கா என்னெண்டு கேப்பா. பிறகு எல்லாரும் வந்து பாத்துப் பாத்து அழுவினம்."

ஏசவும் முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீரை அப்படியே கிடந்தது.

மார்ச் 18

ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நாளெடுக்குமாம்.

மார்ச் 19, புதன்

மதுராவுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. கௌரிக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். வேறு ஆளைப் பார் என்றும் சொல்லிவிட்டேன்.

"அக்காவைப் பாருங்கோ அண்ணை. புத்தகம் ஓடிப்போகாது" என்றாள். நல்ல பிள்ளை.

மார்ச் 22

பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 25

மத்தியானம் அவளாகவே கேட்டாள்.

"மிச்சத்தையும் வாசியுங்கோவன்."

வாசித்தேன். இரண்டு அத்தியாயம். மதுராவையோ ஒலிவாங்கியையோ நினைக்கவேயில்லை.

"நல்லாயிருக்கோ?"

"புத்தகம் பரவாயில்லை. நீங்கள் இப்பிடிக் கதைக்கிறதுதான் நல்லாயிருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழும்பிப் போனேன்.

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் போய் முடிவை வாங்கினோம். வைத்தியர் சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். கௌரிதான் அவருக்கு நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, போர்வையைக் கட்டி ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்தேன். பயம் பற்றிய அத்தியாயத்தை இன்றைக்கே பதிவுசெய்துவிட நினைத்தேன். குரல் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில், வேலிப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"கமலாவதியக்கோவ்! நெஞ்சிலை ஒரு கட்டி கிடந்ததக்கா, ஒருத்தருக்கும் சொல்லேல்லை! சோதிச்சுப் பாத்திட்டினம். புற்றுநோய் இல்லையாம்! சும்மா கொழுப்புக் கட்டியாம்!"

கௌரியா இது? இவ்வளவு சத்தத்தை இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தாள்? சந்திவரை கேட்டிருக்கும். போர்வை எல்லாம் எந்த மூலைக்கு? அவள் சொன்னதும், கமலாவதியக்கா "ஐயோ பிள்ளை" என்று அழுததும், பிறகு இரண்டு பேரும் சிரித்ததும் பதிவில் விழுந்துவிட்டன.

பதிவை நிறுத்தியிருக்கலாம். கை போகவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன்.