நாற்பத்தொன்றாம் குப்பி

மார்ச் 4, திங்கள்
புது மெஷின் எங்கள் தீவின் பேசியோ துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தது. பிரிஸ்பேனிலிருந்து கூடவே வந்த கம்பெனிப் பொறியாளர் கிரெய்க், தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல இறக்கினார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று பதினெட்டு நிமிடத்தில் சொல்லிவிடுமாம். பழையதற்கு ஒரு மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. எங்கள் ஆய்வகத் தலைவர் இயோதெபா பழையதைத் தட்டி, "கிழவா, உனக்கு ரிட்டயர்மென்ட்" என்றார்.

அறுபது ரத்தக் குப்பிகளை இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுவது என் வேலை. பெயர் கிடையாது, எண் மட்டும்.

மார்ச் 5
ஒப்பிடக் கிருமி குறைவாக உள்ள ரத்தமும் வேண்டும்; அது போதவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு என் கையிலிருந்தே எடுத்தேன். எண் 41.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: குப்பி போதவில்லை என்பதற்காகத்தானா எடுத்தாய், மீரே?

ஒன்பது வருடமாக எனக்கு அந்தக் கிருமி இருக்கிறது. ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியாது; ஆள் இல்லாத நேரத்தில் பழைய மெஷினில் நானே பார்த்து, சீட்டை ஒளித்து வைத்துக்கொள்வேன். வீட்டில் தெரியும். எல்லோரும் ஒரே தாம்பாளத்தில் சோறும் மீனும் சாப்பிட, எனக்குத் தனித்தட்டு. "பிள்ளைங்க இருக்கிற வீடு, தப்பா எடுத்துக்காத" என்பாள் அண்ணி தராய். சாப்பாட்டில் தொற்றாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் வாய் திறந்ததில்லை. பேச்சு வளர்ந்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இந்தத் தீவில் அடுத்த வீடு என்றால் ஊர் முழுக்க.

மார்ச் 6
ஐம்பத்தேழு ஒத்துப்போயின. மூன்றில் தகராறு: 12, 33, 41. பழையது லேசாக 'உண்டு' என்கிறது. புதியது 'இல்லை'.

ஒன்றைத் தாண்டினால் கிருமி உண்டு என்பது கணக்கு. என்னுடையது புதியதில் 0.4. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, போய்க் கை கழுவினேன்.

மார்ச் 7
மறுபடி ஓட்டினேன். பழையதில் 1.8, புதியதில் 0.4.

இரண்டு வருடம் முன்பு எனக்கு 30. போன வருடம் 6. இறங்கிக்கொண்டேதானே வருகிறது? சிலருக்குத் தானாகவே போய்விடும். வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு. அந்த ஒருத்தி நானாக இருந்தால்—

மார்ச் 8
"மூணே மூணுதானே? பழசு உளறுது" என்றார் இயோதெபா. "செவ்வாய்க்கிழமை கையெழுத்து போட்டுடலாம். புதன்கிழமை கிரெய்க் பிளேன் ஏறணும்."

தலையாட்டினேன். எவ்வளவு சுலபமாக ஆடியது.

12, 33 இரண்டும் ரத்த வங்கிக்கு யாரோ கொடுத்தது. புதியது சொல்வதை நம்பினால், இனி அப்படிப்பட்ட பை பிரசவ அறைக்குப் போகும். யாருடைய கையிலோ ஏறும்.

மார்ச் 10, ஞாயிறு
சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

பழையது உளறவில்லை என்று காட்ட, பல வருடப் பதிவு உள்ள ஒரு ரத்தம் வேண்டும். 12 யார், 33 யார் என்று தெரியாது. 41 யார் என்று தெரியும்.

சும்மா இருந்தால்? சும்மா இருந்தால் எனக்கு நோய் இல்லை. காகிதத்தில் இல்லை.

மார்ச் 11
என் ஒன்பது வருடச் சீட்டுகளை இயோதெபா மேஜையில் வைத்தேன். "நாப்பத்தொண்ணு இந்தச் சீட்டுல இருக்கறவங்களோடது. பாருங்க, வருஷா வருஷம் குறையுது. கடைசில 1.8. இது உளறல் இல்ல."

கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பெயரில் விரல் நின்றது.

"ஒம்பது வருஷமா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா வேலைக்கு வெச்சிருப்பீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "தெரியல" என்றார். பொய் சொல்லாததற்கு நன்றி. பிறகு சீட்டுகளை அடுக்கி என் கையிலேயே கொடுத்துவிட்டு, கிரெய்க்கைக் கூப்பிட்டார். "கையெழுத்து இல்லப்பா. மூணு குப்பியையும் மெல்போர்ன்ல இருக்கற பெரிய லேபுக்கு எடுத்துட்டுப் போ."

யாருடையது என்று கிரெய்க் கேட்டார். இயோதெபா சொல்லவில்லை.

மார்ச் 13
குப்பிகள் ஐஸ் பெட்டியில் பறந்துவிட்டன. மெல்போர்ன் 'இல்லை' என்று சொல்லட்டும் என்று வேண்டுகிறேன். சொன்னால் நான் பழையதைத் தப்பாகத் தாங்கிப் பிடித்தவள். இருந்தாலும் வேண்டுகிறேன்.

மார்ச் 29
பதில் வந்தது. மூன்றிலும் உண்டு. கொஞ்சம்தான், ஆனால் உண்டு.

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது இயோதெபா புது மெஷினின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். "கிழவனோட இன்னும் கொஞ்ச நாள் மல்லுக்கட்டணும். வா, ஓட்டலாம்" என்றார்.

வீட்டில் அண்ணியிடம் முதல்முறையாகச் சொன்னேன், சாப்பாட்டில் தொற்றாது என்று. "பிள்ளைங்க தடுப்பூசி அட்டைய எடுத்துட்டு வரேன், இதுக்குப் போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். சண்டை வரவில்லை.

ஏப்ரல் 9
பஸ் ஓட்டுநர் ஒருவர், கபுவா. மனைவியின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வந்தார். பழையது 2.1 என்றது. கிருமி இருக்கிறது, ஆனால் அவர் மச்சினன் ரத்தம் பொருந்திவிட்டது, மனைவிக்குப் பயமில்லை என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்ப நான் யாரு பக்கத்துலயும் உக்காரக் கூடாதா?"

கதவு திறந்தேதான் இருந்தது. வரிசையில் ஆட்கள்.

"எனக்கும் இருக்கு" என்றேன். "பக்கத்துலதானே உக்காந்திருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும். தேவைப்பட்டா மாத்திரை இருக்கு."

"நீங்க அடுத்து எப்ப பாக்கறீங்க?"

"செப்டம்பர்ல."

"அப்ப அன்னைக்கே எனக்கும் போடுங்க" என்றார். ஒரே தேதியில் இரண்டு பெயரையும் எழுதினேன்.