விலங்கு இனி முன்பக்கம்

செப்டம்பர் 5, வியாழன்

இன்று பள்ளியில் மக்ரோனியும் சீஸும். ஒரு தட்டு அடிப்பிடித்துவிட்டது. பிள்ளைகள் அந்தக் கருகல் ஓரத்துக்குத்தான் சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் என் கணவன் ஆரினை வேலை முடிந்து தானியக் கிடங்கிலிருந்து அழைத்து வந்தேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். ப்ரூயிட் கவுண்டியில் அவன் டிரக் போகாத மண் சாலை கிடையாது. ரெண்டு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. டிரக் கொட்டகையில் நிற்கிறது. ஞாயிறானால் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, கையை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவான்.

என்னோடு சமையல்கூடத்தில் இருக்கும் டார்லீன் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஷெரிஃப் அலுவலகம் ஊரைக் கூட்டி, இதுவரை என்ன மாற்றினோம், என்ன பாக்கி என்று சொல்லப்போகிறதாம்.

"ஷெரிஃப் மாறிட்டா போலீஸ்காரன் மாறிடுவானா?" என்றேன்.

"மாறுறானோ இல்லையோ, டோனட் உண்டு. வா."

ஆரினிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றான். சாப்பிட்டு முடித்த பிறகு, "அந்தப் புது ஷெரிஃப் பொம்பள என்னதான் சொல்றான்னு பார்க்கலாம்" என்று கையால் சைகை காட்டினான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆகஸ்ட் பகலைப் பற்றி இந்த நோட்டில் நான் எழுதியதே இல்லை. இன்று எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை எழுத முடியும்.

ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் டெபுடி கோல்பி ருக்கர்ட் ஆரினின் டிரக்கை நிறுத்தினான். வேகம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து காது கேட்காதவனிடம் கத்தியிருக்கிறான். எழுதிக் காட்டலாம் என்று ஆரின் பென்சிலை எடுக்கக் குனிந்தான். துப்பாக்கி எடுக்கிறான் என்று ருக்கர்ட் நினைத்தானாம். இழுத்துத் தரையில் போட்டு, கையைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டிவிட்டான். ஆரின் பேசுவதே கையால்தான். வாயைக் கட்டியதும் அதுவும் ஒன்றுதானே? சாயங்காலம்வரை லாக்கப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வழியில்லை. என் பெண்டாட்டி வெர்னாவைக் கூப்பிடு என்று சொல்ல வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது, விலங்கைக் கழற்றிய பிறகும்கூட, அவன் பேசவில்லை. கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

சரி. எழுதியாயிற்று.

இன்றைய கூட்டம் விவசாயிகள் சங்கக் கூடத்தில். வழக்கம்போல், பேசுவதைச் சைகையில் சொல்ல ஆரினுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். ஒரு பெண் வந்து என் தோளைத் தொட்டாள். சைகை மொழிபெயர்ப்பாளராம், பெயர் சிமோன். டார்லீன்தான் முன்னாலேயே போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் மூச்சே விடவில்லை.

"நீங்க அவர் பக்கத்துல உக்காருங்க மிஸஸ் டெக்கர். இன்னைக்கு இது என் வேலை" என்றாள் சிமோன்.

கல்யாணமோ சாவோ பாங்கோ டாக்டரோ, எங்கே போனாலும் நான் பாதி கேட்பேன், பாதி சொல்வேன். அவன் சிரித்து முடிக்கும்போது மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். இன்று கணவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூட்டத்தை முழுசாகக் கேட்டேன். கையை என்ன செய்வது என்றே தெரியவில்லை. டோனட் தின்றேன். ரெண்டு.

ஷெரிஃப் பெக் குட்டையான அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். "கையால பேசுறவங்களுக்கு விலங்கு இனிமே முன்பக்கமாத்தான். எல்லா வண்டியிலயும் மொழிபெயர்ப்பாளரைத் திரையில கூப்பிட வசதி வெச்சாச்சு. இது முடிஞ்ச வேலை. முடியாததையும் சொல்றேன். சிறையில ராத்திரிக்கு நர்ஸ் வேணும்னு போன வருஷம் சொன்னேன், இன்னும் ஆள் கிடைக்கல. அதைச் சொல்லிக்க எனக்கு வெட்கமாத்தான் இருக்கு."

ஆரின் என்னைப் பார்த்தான். வெட்கம் என்று ஒரு ஷெரிஃப் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை.

செப்டம்பர் 11

டார்லீனுக்குப் பீச் பழப் பலகாரம் சுட்டுக் கொண்டுபோனேன். "எதுக்கு இது?" என்றாள். தட்டை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஷெரிஃப் பெக் சிமோனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். டெபுடிகளுக்கு ஆரின் ஒருநாள் வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

"ருக்கர்ட் இன்னும் வேலையில இருக்கானா?" ஆரின் கேட்டது அது ஒன்றுதான்.

"இருக்கான். சஸ்பெண்ட் பண்ணினாங்க, திரும்ப வந்துட்டான். வகுப்புல அவனும் இருப்பான். மறைக்க விரும்பல."

ஆரின் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டான். ஷெரிஃப் கோபித்துக்கொள்ளவில்லை. காபியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 2

முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். ஆரின் தோளைத் தட்டினான். "வர்றேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. ஆனா நான் சொல்ற மாதிரிதான் நடத்துவேன்."

எப்படி நடத்துவாய் என்று கேட்டேன். "முட்டை கருகுது, பாரு" என்றான்.

அக்டோபர் 17, வியாழன்

பள்ளியில் விடுப்பு வாங்கிக்கொண்டு போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். டெபுடிகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்ற முகத்தோடு.

ஆரின் மேஜைமேல் ஒரு டேப் சுருளை வைத்தான். பக்கத்தில் ஒரு விலங்கு. சிமோன் அவன் கையைப் பார்த்துக் குரலில் சொன்னாள்: "யாராவது ஒருத்தர் வாங்க. விலங்கு பின்னாடி. டேப் வாயில."

யாரும் அசையவில்லை. பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்தது ருக்கர்ட். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னப் பையன்.

ஆரின்தான் அவனுக்கு விலங்கு மாட்டினான். முறுக்கவில்லை, இழுக்கவில்லை. டேப்பை ஒட்டினான். எதிரே உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான்.

"உன் பெண்டாட்டி பேரு என்ன? அவளுக்கு போன் பண்ணணும், நம்பர் சொல்லு. தாகமா இருக்கா? எங்கயாவது வலிக்குதா? ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிற?"

முன்வரிசையில் ரெண்டு பேர் சிரித்தார்கள். ஆரின் நிறுத்தவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டான். மறுபடி. சிரிப்பு அடங்கிவிட்டது. ருக்கர்ட்டின் கழுத்து சிவந்து, தொண்டைக்குள் ஏதோ சத்தம் வந்தது. உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் தோளை நெளித்தான். அந்த நெளிப்பு எனக்குத் தெரியும். லாக்கப்புக் கண்ணாடி வழியாக நான் பார்த்தது அதுதான்.

ஆரின் போய்க் கழற்றிவிட்டான். ருக்கர்ட் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

"மூக்கு அரிச்சுது. அதைக்கூடச் சொல்ல முடியல." பிறகு சிமோனைப் பார்க்காமல் நேராக ஆரினையே பார்த்துக் கேட்டான்: "எவ்வளவு நேரம் உங்களை அப்படி வெச்சிருந்தேன்?"

"சாயங்காலம் வரைக்கும்."

அவன் தலை குனிந்தது. மன்னிப்புக் கேட்டானா என்றால், இல்லை.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டிக் கேட்டேன்: "அவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அதை வெச்சுகிட்டு நான் என்ன பண்றது? மூஞ்சியைப் பார்த்தேன். போதும். பசிக்குது, வண்டியை எடு."

ஹாம்பர்கர் வாங்கிக்கொண்டோம். வண்டியிலேயே உட்கார்ந்து தின்றோம். கல்யாணமான புதிதில் அப்படித் தின்போம். கடவுளே, நன்றி.

நவம்பர் 12, செவ்வாய்

கூட்டம். எல்லாம் நல்ல சேதி இல்லை. தன் மகனைப் போன மாதம் ஒரு டெபுடி கன்னத்தில் அறைந்தான் என்று ஒருவர் எழுந்து கத்தினார். ஷெரிஃப் பதில் சொல்லத் தடுமாறினார். விசாரிக்கிறேன், அடுத்த மாதம் இதே இடத்தில் சொல்கிறேன் என்றார். மாறிவிட்டது என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. மாறிக்கொண்டிருக்கிறது, அந்த அளவுக்கு எழுதலாம்.

சனிக்கிழமைகளில் சிமோன் நூலகத்தில் சைகை வகுப்பு நடத்துகிறாளாம். டெபுடிகள் மூன்று பேர் வருகிறார்களாம். அதில் மக்கு யார் என்று ஆரின் கேட்டான். "ருக்கர்ட்" என்றாள் சிமோன், யோசிக்காமல்.

டிசம்பர் 10, செவ்வாய். மருத்துவமனை

கூட்டத்துக்கு இந்த முறை போக முடியவில்லை. கால் கட்டுப் போட்டுத் தொங்குகிறது.

நேற்று மதியம் பள்ளி விட்டு வரும்போது பனியில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிவு. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் போன் பண்ணினார். நல்ல மனிதர், அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

ஆம்புலன்ஸில் எனக்குக் காலைவிட ஆரினைப் பற்றித்தான் பயம். அவனுக்கு நேற்று விடுமுறை. வீட்டில் தனியாக இருப்பான். போலீஸ் வண்டி வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பான்? வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு டெபுடி போகிறார் என்றார்கள். யார் என்று கேட்டேன். ருக்கர்ட் என்றார்கள். ஐயோ, வேற ஆளே இல்லையா உங்களுக்கு என்று அழுதேன்.

மீதியை ஆரின் சொன்னான். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே.

அழைப்பு மணியின் விளக்கு மினுக்கியதாம். கதவைத் திறந்தால் ருக்கர்ட். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ரெண்டு கையையும் எடுத்தானாம்.

"உன் பொண்டாட்டி அம்மா ஆயிட்டாங்கன்னு சொன்னான்."

"என்னது?"

"நல்லா இருக்காங்கன்னா பெருவிரலை நெஞ்சுல வெக்கணும். அவன் மோவாயில வெச்சான். அது அம்மா. மறுபடி மறுபடி அதையே சொல்றான், முகம் வெளிறிப் போய். இந்த வயசுலயான்னு நினைச்சேன்."

சிரித்தேன். சிரித்தால் கால் வலித்தது.

பிறகு ருக்கர்ட் கார், பனி, கால், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தானாம். ஒன்றும் விட்டுப்போகவில்லை. போலீஸ் வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டானாம்.

"நான் ஏறல. அந்த வண்டியில என்னால முடியாது வெர்னா. அவன் கோவிச்சுக்கல. நான் முன்னாடி போறேன், பின்னாடி வாங்கன்னு காட்டினான். மெதுவா போனான். திருப்பத்துல எல்லாம் நின்னு பார்த்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையிலிருந்த டிரக் சாவியை அவன் மேஜைமேல் வைத்தான். அவனே ஓட்டி வந்திருக்கிறான். அதைச் சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயம்.

ஜனவரி 2

டார்லீன் கோழி சூப் கொண்டுவந்தாள். மகனை அறைந்ததாகச் சொன்னாரே ஒருவர், அந்த டெபுடி குற்றவாளிதான் என்று டிசம்பர் கூட்டத்தில் ஷெரிஃப் சொன்னாராம். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். முதல் வரிசையில் அந்த அப்பா உட்கார்ந்திருந்தாராம்.

ஜனவரி 14, செவ்வாய்

ஆரின் கூட்டத்துக்குத் தனியாகப் போனான். நான் நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். டிரக் திரும்பி வந்தது. பூட்ஸைக் கழற்றவில்லை, கோட்டைக் கழற்றவில்லை, நேராக என் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.

சிறைக்கு நர்ஸ் கிடைத்துவிட்டார். மலைப்பக்கத்துக்காரர்களுக்கு இன்னும் ஆம்புலன்ஸ் தாமதமாகத்தான் போகிறது. ஒரு கிழவர் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியே கால்வாசிக் கூட்டத்தைத் தின்றுவிட்டார். ருக்கர்ட் பின்னால் நின்றுகொண்டு காபி ஊற்றிக் கொடுத்தான். ஆரினின் கை வேகமாக ஓடியது, புருவம் ஏறி இறங்கியது. கிழவரைப்போலவே செய்து காட்டினான்.

நான் நடுவில் புகுந்து, டார்லீன் கேட்ட கேள்விக்கு ஷெரிஃப் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இரு. வரிசையா சொல்லிட்டு வர்றேன். நடுவுல பேசாத" என்றான்.