கழுத்தளவுக்கு அப்பால்

ஜூன் 10, செவ்வாய்

காலை ஏழரைக்கே நானும் தோழி பொலிக்ஸேனியும் மற்றவர்களும் கடலில் இறங்கிவிட்டோம். தலையில் தொப்பி, மார்பளவுத் தண்ணீர், வட்டமாய் நின்று பேச்சு. நாற்பது கோடையாக இப்படித்தான் ஊர் வம்பை அலசுகிறோம். எந்த மருமகளும் தப்பியதில்லை. கிரீஸ் முழுக்கத் தெரியாவிட்டாலும், இந்த வோலோஸ் கரையில் என்னைத் தெரியாத மீன் கிடையாது.

அப்படிப்பட்ட எனக்கு நீச்சல் தெரியாது. இந்த நோட்டிடம் மட்டும்தான் சொல்கிறேன். அறுபத்தொன்பது வயதில் ஒரு ரகசியம்கூட இல்லாவிட்டால் எப்படி?

ஜூன் 12, வியாழன்

முதியோர் மன்றத்தில் இந்தக் கோடைக்கு நீச்சல் வகுப்பு. சொல்லித்தர வந்திருக்கும் பெண் இஸ்மீனி, உதவிக்குக் கடல் பழகிய ஒருவர் வேண்டும் என்றாள். பொலிக்ஸேனி என்னைக் கைகாட்டினாள். "இவ கடல்லயேதான் குடியிருக்கா."

உதவியாளர் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. நான் மறுக்கவில்லை. ஏன்? முப்பது வருடம் பெட்டிக்கடை நடத்தியவள் நான். இல்லாத சரக்கை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

முதல் வகுப்பு. பதினொரு பேர். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள்.

பொலிக்ஸேனியின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து அதட்டினேன். "காலைத் தூக்குடி. கடல் உன்னைத் தின்னாது, அதுக்கு வேற நல்ல சாப்பாடு இருக்கு." தூக்கினாள்! மிதந்தாள்!

எனக்குச் சொல்லித்தரும் வாய் இருக்கிறது என்று இஸ்மீனி பாராட்டினாள். வாய் இருக்கிறது. கால்தான் தரையை விட மாட்டேன் என்கிறது.

ஜூன் 26, வியாழன்

பொலிக்ஸேனி கரையோரமாய்ப் பத்து கை வீச்சு நீந்தினாள். சந்தோஷம். பொறாமையும்தான்.

ஜூலை 3, வியாழன்

மாட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கால் எட்டாத ஆழத்துக்குப் போகிறார்களாம். களைத்தவர்கள் உதவியாளரைப் பிடித்துக்கொள்ளலாமாம். எல்லார் முன்னாலும் பொலிக்ஸேனி சொல்கிறாள்: "எவாந்தியா பக்கத்துல இருந்தா நான் வரேன். இல்லேன்னா மாட்டேன்."

அவள் என்னைப் பிடித்தால் ரெண்டு பேரும் அடியோடு போவோம். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா — சீ. அப்போதும் அவள் என்னைத்தானே நம்பிக்கொண்டிருப்பாள்?

ஜூலை 7, திங்கள்

அவள் வீட்டுக்கே போனேன். சமையலறையில் பூசணிப் பூவுக்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

நாலு பூவை வேகவேகமாய் அடைத்தாள். அப்புறம், "பாவி, என்னைக் கொன்னிருப்பியேடி" என்றாள்.

காபி போடவில்லை. நாற்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து காபி குடிக்காமல் வந்தது இன்றுதான். அழுதுவிட்டேன். எழுதுவதற்கு என்ன வெட்கம்?

ஜூலை 8, செவ்வாய்

எல்லாரையும் வைத்துக்கொண்டே இஸ்மீனியிடம் சொன்னேன்: என் பெயரை உதவியாளர் பட்டியலிலிருந்து அடித்து, கற்றுக்கொள்கிறவர்கள் பட்டியலில் எழுது என்று. சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் லெயாந்த்ரோஸ். சிரிக்கட்டும், அவருக்கும் பொழுது போக வேண்டாமா.

ஆழத்துக்குப் போனவர்களோடு பொலிக்ஸேனி போகவில்லை. என் பின்னால் வந்து நின்று, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"விட மாட்டேன். உன்னை விட்டுட்டா நான் யாரோடடி வம்பு பேசறது?"

ஜூலை 31, வியாழன்

மூக்கு, காது, தொண்டை எல்லாம் உப்பு. ஆனால் மிதந்தேன். அவள் கை இல்லாமல், இருபது எண்ணும்வரை.

செப்டம்பர் 4, வியாழன்

வகுப்பு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. நானும் பொலிக்ஸேனியும் மட்டும் கடலுக்குப் போனோம். தன் மருமகள் பால்கனியை அடைத்துக் கண்ணாடி போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே அவள் நீந்தி வந்தாள், நான் பக்கத்திலேயே கையை வீசிக்கொண்டு. ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. நிற்கலாம் என்று காலைக் கீழே விட்டேன். தரை இல்லை.

"அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன்.