பதினான்கு வெள்ளைப் புள்ளிகள்

என் நெஞ்சில் நீங்காத இளையவளுக்கு, மூத்தவள் மிகுந்த வாஞ்சையோடு வரையும் மடல்.

நீ அனுப்பிய மார்பக எக்ஸ்ரே படத்தின் குறுந்தகடு செவ்வாயன்று கிடைத்தது. எந்த நகை எந்த மகளுக்கு என்று நீ பிரித்தெழுதிய தாளும் கூடவே வந்தது. அந்தத் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது பேசுவதற்கில்லை.

என் பணி நீ அறிந்ததே. மருத்துவர் உறுதி செய்த படங்களில் வட்டமிட்டு, இது நோய், இது நோயன்று எனக் கணினிக்குக் கற்பிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் இதுவரை பதினோராயிரம் படங்களைப் பார்த்திருக்கிறேன் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரிக் கணினி உன் படத்தில் பதினான்கு வெள்ளைப் புள்ளிகளைச் சிவப்பு வட்டத்துக்குள் அடைத்திருந்தது. பார்த்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டேன்.

பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு புள்ளிகள் அக்குளின் தோல் மடிப்பை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அடி அசடே, பவுடர் பூசிக்கொண்டு போனாயா? உப்பு வாங்கப் போனாலும் பவுடர் பூசாமல் வாசற்படி தாண்டாதவள் ஆயிற்றே நீ. படம் எடுக்கும் பெண் பவுடர் பூசியிருக்கிறீர்களா என்று கேட்டபோது வெட்கத்தில் இல்லையென்று தலையாட்டியிருப்பாய். பவுடர்த் துகள் எக்ஸ்ரேயில் அச்சாக, நோயைக் காட்டக்கூடிய சுண்ணாம்புப் புள்ளி போலவே தெரியும். கணினிக்கு உன் அலங்காரம் எப்படித் தெரியும்? நானே தனியாகச் சிரித்தேன்; பக்கத்து மேசைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எங்கள் மருத்துவரிடம் காட்டினேன். அவர், "அக்கா, பன்னெண்டும் பவுடர்தான். உள்ள தள்ளி இருக்கே ரெண்டு, அதை இந்தப் படத்தை வச்சு சொல்ல முடியாது. நல்லா குளிச்சிட்டுப் போய் திரும்ப எடுக்கச் சொல்லுங்க. தள்ளிப் போட விடாதீங்க" என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை.

இனி அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் என்று நீ எழுதியிருப்பதை ஏற்க மறுக்கிறேன். ஆறு நாள் விடுப்பு பெற்றுவிட்டேன். திங்கட்கிழமை காலை வந்து சேருவேன். முதுகு தேய்த்து நானே குளிப்பாட்டுவேன். அறை வாசல் வரை கையை விட மாட்டேன். அந்த நகைத் தாளையும் உன்னிடமே திருப்பித் தரக் கொண்டுவருகிறேன்.

பவுடர் டப்பாவை மட்டும் என்னிடம் ஒப்படைத்துவிடு. படம் எடுத்து நீ வெளியே வந்ததும் என் கையாலேயே பூசிவிடுகிறேன். இன்னும் நெடுங்காலம் பூசிவிட வேண்டும், கண்ணே.

என்றும் உன் நலம் ஒன்றையே வேண்டும்,
மூத்தவள்.